நீல வளையம் சொல்லும் செய்தி

ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். 1970களில் அமெரிக்காவில் ஒரு பெரிய பேருந்து நிலையம். இரவு பத்து மணி. பயணி ஒருவர் இறங்குகிறார். அவர் மாற வேண்டிய கடைசிப் பேருந்து போய்விட்டது. வீட்டுக்குச் செய்தி சொல்லியாக வேண்டும். கைப்பேசி இல்லாத காலம் அது. சுவரோரமாகக் காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசிகள் இரண்டு இருக்கின்றன. பயணிக்குச் செவித்திறன் குறைவு. காதுக்குப் பின்னால் காது கேட்கும் கருவி ஒன்றை அணிந்திருக்கிறார்.

முதல் தொலைபேசியில் காசைப் போட்டு எண்ணைச் சுழற்றுகிறார். தம் கருவியில் உள்ள ஒரு சிறு விசையைத் தள்ளிவிட்டு ரிசீவரைக் காதில் வைக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை! மறுமுனையில் யாராவது எடுத்தார்களா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. அடுத்த தொலைபேசிக்குப் போகிறார். அதே எண், அதே விசை. இம்முறை மகளின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

முதல் தொலைபேசி பழுதானது என்று நினைக்கிறீர்களா? இல்லை. நீங்களோ நானோ பேசியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்டிருக்கும். சொல்லப்போனால் முதல் தொலைபேசிதான் புதிய வகை, திறன் மிக்கது. அப்படியானால் அது அவருக்கு மட்டும் ஏன் ஊமையாயிற்று? இந்தப் புதிருக்கு விடை இயற்பியலில் இருக்கிறது. அதைத் தீர்த்து வைத்ததோ சட்டம். இரண்டையும் பார்ப்போம்.

கருவியில் ஏன் அந்த விசை?

காது கேட்கும் கருவி என்பது ஒரு குட்டி ஒலிபெருக்கி அமைப்பு. அதில் உள்ள ஒலிவாங்கி காற்றில் வரும் ஒலியை மின்னோட்டமாக மாற்றுகிறது. பெருக்கி அதை வலுப்படுத்துகிறது. கடைசியில் ஒரு சிறிய ஒலிபெருக்கி அதை மீண்டும் ஒலியாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது.

இந்தக் கருவியுடன் தொலைபேசியில் பேசுவதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, ஒலிவாங்கிக்கு வேண்டிய ஒலி, வேண்டாத ஒலி என்ற பாகுபாடு தெரியாது. பேருந்தின் உறுமலையும் பக்கத்தில் நிற்பவரின் இருமலையும் தொலைபேசிக் குரலோடு சேர்த்தே அது பெருக்கும். இரண்டு, ரிசீவரைக் காதோடு ஒட்டி வைக்கும்போது கருவியிலிருந்து கசியும் ஒலி, ரிசீவரில் பட்டுத் திரும்பி ஒலிவாங்கிக்குள்ளேயே நுழைகிறது. அது மீண்டும் பெருக்கப்படுகிறது, மீண்டும் கசிகிறது. விளைவு, காதைத் துளைக்கும் 'கீச்' ஒலி. பள்ளி விழாக்களில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டு போனால் எழும் ஊளைச் சத்தம் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதேதான் இது.

இதற்குப் பொறியாளர்கள் அழகானதொரு வழி கண்டார்கள். ஒலியையே விட்டுவிட்டுக் காந்தத்தைப் பிடிப்பது!

பழைய தொலைபேசி ரிசீவரின் காதுப் பக்கத்துக்குள் ஒரு நிலைக்காந்தமும், கம்பிச் சுருளும், மெல்லிய தகடும் இருந்தன. மறுமுனையில் பேசுபவரின் குரலுக்கு ஏற்ப மாறும் மின்னோட்டம் சுருளில் பாய்கிறது. அதனால் காந்தப் புலம் கூடிக் குறைகிறது. தகடு அதிர்கிறது, ஒலி பிறக்கிறது. ஆனால் காந்தப் புலம் முழுவதும் தகட்டை அசைப்பதற்கே பயன்படுவதில்லை. ஒரு பகுதி ரிசீவருக்கு வெளியே கசிந்து பரவுகிறது. குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படியே இந்தக் கசிவும் ஏறி இறங்கும்.

மாறும் காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். காது கேட்கும் கருவிக்குள் ஒரு சிறு சுருளை வைத்துவிட்டால் போதும். ரிசீவரிலிருந்து கசியும் காந்தப் புலம் அச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதைப் பெருக்கிக் காதுக்கு அனுப்பலாம். இச்சுருளுக்குத் தொலைபேசிச் சுருள் என்று பெயர். 1930களின் இறுதியிலிருந்தே காது கேட்கும் கருவிகளில் இது இடம்பெறத் தொடங்கிவிட்டது. நம் பயணி தள்ளிய விசை இதற்காகத்தான். விசையை ஒரு பக்கம் தள்ளினால் ஒலிவாங்கி வேலை செய்யும். மறுபக்கம் தள்ளினால் சுருள் வேலை செய்யும். சுருள் வேலை செய்யும்போது பேருந்தின் உறுமல் கேட்காது, கீச்சொலியும் எழாது. தொலைபேசிக் குரல் மட்டுமே கேட்கும்.

சிக்கனம் செய்த சேதம்

புதிர் இப்போது அவிழத் தொடங்குகிறது. காந்தக் கசிவு என்பது தொலைபேசி வடிவமைப்பாளரின் கண்ணில் ஒரு வீண்செலவு. 1960களிலும் 1970களிலும் புதிய வகை ரிசீவர்கள் வரத் தொடங்கின. அவற்றில் காந்தப் பாதை திறமையாக அமைக்கப்பட்டிருந்தது. புலத்தின் பெரும்பகுதி தகட்டை அசைப்பதற்கே பயன்பட்டது. வெளியே கசிவது மிகவும் குறைந்தது. பொறியியல் நோக்கில் இது முன்னேற்றமே.

ஆனால் ஒருவருக்கு வீண் என்று தோன்றியது இன்னொருவருக்கு உயிர்நாடியாக இருந்தது. கசிவு நின்றதும் தொலைபேசிச் சுருளுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. நம் பயணி முதலில் எடுத்தது இப்படிப்பட்ட ஒரு புதிய ரிசீவரைத்தான். யாரும் அவரைத் தடுக்க நினைக்கவில்லை. அவரைப் போன்றவர்களைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

பொதுத் தொலைபேசிக்கு மட்டும் ஏன் சட்டம் முந்தியது?

வீட்டுத் தொலைபேசி சரியில்லை என்றால் வேறு ஒன்றைக் கேட்டு வாங்க முயலலாம். பொதுத் தொலைபேசியில் அந்த வசதி இல்லை. நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நிற்கும்போது அங்கே எந்தத் தொலைபேசி இருக்கிறதோ, அதில்தான் பேசியாக வேண்டும். தீ விபத்து, திடீர் நோய், வழி தவறுதல் என்று பொதுத் தொலைபேசியை நாடும் நேரங்களில் பல, அவசர நேரங்களே. அங்கே தொலைபேசியைத் தேர்ந்தெடுப்பவர் பயன்படுத்துபவர் அல்லர். அதை மாட்டி வைத்த நிறுவனம். எனவேதான் விதி தேவைப்பட்டது.

செவித்திறன் குறைந்தோரின் அமைப்புகள் 1970களில் இடைவிடாமல் முறையிட்டன. காசுத் தொலைபேசிகளின் ரிசீவர்களில் காந்தப் புலம் மீண்டும் வெளிப்படும்படி மாற்றம் செய்யப்பட்டது. எந்தத் தொலைபேசி ஏற்றது என்று பார்த்தவுடன் தெரிய ஓர் எளிய அடையாளமும் வந்தது. ரிசீவரும் அதன் கம்பியும் சேரும் இடத்தில் ஒரு நீல வளையம்! நீலத்தைக் கண்டால் விசையைத் தள்ளிவிட்டுத் தயங்காமல் பேசலாம்.

பிறகு சட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 'இன்றியமையாத தொலைபேசிகள்' என ஒரு வகையை வரையறுத்தது. காசுத் தொலைபேசிகளும் அவசரத் தொலைபேசிகளும் அதில் அடங்கின. இவை காது கேட்கும் கருவியோடு இணைந்து வேலை செய்யுமாறு இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். 1988ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் இதை விரிவாக்கியது. 1989 ஆகஸ்டுக்குப் பின் அமெரிக்காவில் செய்யப்படும் அல்லது இறக்குமதியாகும் கம்பித் தொலைபேசிகள் யாவும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் அக்காலத்தில் அரிதாக இருந்த கைப்பேசிகளுக்கு விலக்கு அளித்தது. இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

'நன்றாகக் கேட்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அது விதியாகாது. எவ்வளவு நன்றாக? யார் காதுக்கு? எனவே விதி, அளவீட்டின் மொழியில் எழுதப்பட்டது. ரிசீவர் மூடியிலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவில் ஒரு சோதனைச் சுருளை வைக்க வேண்டும். ரிசீவருக்கு வரையறுத்த அளவு மின்குறியைக் கொடுக்க வேண்டும். அப்போது தோன்றும் காந்தப் புலம், நேர்த்திசையிலும் குறுக்குத் திசைகளிலும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்தில் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். விதிக்கு இயற்பியல் தரும் வலிமை இது.

நான்கு மடங்கும் எட்டு மடங்கும்

எல்லாருக்கும் காந்தச் சுருள் தேவையில்லை. ஒலியைச் சற்று உரக்கக் கேட்டால் போதும் என்பவர்கள் பலர். முதுமையில் செவித்திறன் குறையும் தாத்தா பாட்டிமார் இவர்களுள் அடங்குவர். இவர்களுக்காக, 1990 ஜூலை 26ஆம் நாள் கையெழுத்தான மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தின் கீழ் 1991ஆம் ஆண்டு வந்த விதிகள் ஒலி கூட்டும் பொத்தானை வற்புறுத்தின. இயல்பான அளவுக்கு மேல் குறைந்தது 12 டெசிபெல், அதிக அளவாக 18 டெசிபெல் கூட்டும் வசதி வேண்டும் என்றன.

இந்த எண்களின் பொருள் என்ன? டெசிபெல் என்பது மடக்கை அளவு. 20 டெசிபெல் கூடினால் ஒலியழுத்தம் 10 மடங்காகும். ஒவ்வொரு 6 டெசிபெல்லுக்கும் அது ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே 12 டெசிபெல் என்பது சுமார் 4 மடங்கு. 18 டெசிபெல் என்பது சுமார் 8 மடங்கு.

மேல் வரம்பு எதற்கு? சிந்தித்துப் பாருங்கள். ஒருவர் எட்டு மடங்கு உரக்க வைத்துப் பேசிவிட்டு ரிசீவரை மாட்டிச் செல்கிறார். அடுத்து வருபவர் நல்ல செவித்திறன் உடையவர். அதே ஒலி அவர் காதில் அறைந்தால் என்ன ஆகும்? 2010ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகள் இதற்கு நல்ல தீர்வு கண்டன. கூட்டும் அளவு குறைந்தது 20 டெசிபெல் வரை இருக்க வேண்டும். ஆனால் பேச்சு முடிந்ததும் ஒலி தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த வசதி மற்றவருக்குத் துன்பம் ஆகாமல் காப்பதும் விதியின் வேலைதானே!

சிறிதும் கேட்காதவர்களுக்கு?

ஒலியை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பயனில்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொலைபேசியில் 'பேசுவது' எப்படி?

1964ஆம் ஆண்டு இதற்கு வழி கண்டவர் ராபர்ட் வெயிட்பிரெக்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அவரே காது கேளாதவர். அவருடன் சேர்ந்து உழைத்த பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், பொறியாளர் ஆண்ட்ரூ சாக்ஸ் ஆகிய இருவரும் காது கேளாதவர்களே. செய்தி அலுவலகங்களில் தடதடவென்று அச்சடிக்குமே டெலிபிரிண்டர், அதைத் தொலைபேசியோடு சேர்ப்பதே அவர்கள் எண்ணம். ஆனால் தொலைபேசி நிறுவனம் தன் கம்பிகளில் பிறருடைய கருவிகளை இணைக்கத் தடை விதித்திருந்தது. வெயிட்பிரெக்ட் கம்பியைத் தொடவே இல்லை! ரிசீவரை ஒரு பெட்டியின் மேலுள்ள இரு குழிகளில் படுக்க வைத்தார். பெட்டி ரிசீவருக்குள் ஒலி எழுப்பும். ரிசீவரிலிருந்து வரும் ஒலியைக் கேட்டும் கொள்ளும்.

அந்த ஒலியின் இலக்கணம் மிக எளியது. இரண்டே இரண்டு சுரங்கள்: ஒன்று 1400 ஹெர்ட்ஸ், மற்றொன்று 1800 ஹெர்ட்ஸ். இவற்றை 1 என்றும் 0 என்றும் கொள்ளலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து இலக்கங்கள். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 அல்லவா? ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு அது போதும். எண்களுக்கு மாற ஒரு தனிக் குறி உண்டு. ஓர் இலக்கத்துக்கு 22 மில்லிவினாடி வீதம், வினாடிக்குச் சுமார் ஆறு எழுத்துகள் போகும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் தட்டலாம். முடித்ததும் 'நீங்கள் சொல்லுங்கள்' என்பதற்கு இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்றைத் தட்டுவார். அதன் பின்னரே மற்றவர் தொடங்குவார்.

இக்கருவி நாளடைவில் கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கியது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பொதுத் தொலைபேசிக்குப் போனால் எங்கே வைப்பது? 1991ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒரு கட்டடத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காசுத் தொலைபேசிகள் வரிசையாக இருந்தால், ஒன்றின் அருகேயாவது ஒரு பலகைத் தட்டு வேண்டும். மின் இணைப்பு முனையும் வேண்டும். ரிசீவர் அத்தட்டில் படிந்து கிடக்க வேண்டும். தட்டுக்கு மேலே குறைந்தது 6 அங்குலம் இடைவெளி வேண்டும். ஒரு வளாகத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காசுத் தொலைபேசிகள் இருந்து, ஒன்றாவது கட்டடத்துக்குள் இருந்தால், எழுத்துத் தொலைபேசி ஒன்றையே உள்ளே நிறுவ வேண்டும். இவற்றைச் சில்லறைச் செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டு இல்லாவிட்டால் மூவரின் கண்டுபிடிப்பும் அந்த இடத்தில் வீண்!

இன்னொரு சிக்கலும் உண்டு. மறுமுனையில் இருப்பவரிடம் இக்கருவி இல்லாவிட்டால்? அதற்கும் அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நடுவில் ஓர் உதவியாளர் இருப்பார். காது கேளாதவர் தட்டியதை அவர் மற்றவருக்குப் படித்துச் சொல்வார். மற்றவர் பேசுவதைத் தட்டி அனுப்புவார். இந்த இடைத்தரகுச் சேவையைத் தொலைபேசி நிறுவனங்கள் 1993 ஜூலை 26க்குள் நாடெங்கும், இரவு பகல் எந்நேரமும் அளிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. காது கேளாதவர் ஒருவர் மருத்துவரிடம் நேரம் குறிக்கவும், வேலைக்கு விசாரிக்கவும் பக்கத்து வீட்டாரைக் கெஞ்ச வேண்டிய நிலை இதனால் மாறியது. தம் சொந்தச் செய்தியைத் தாமே சொல்லும் உரிமை சிறிய உரிமையா என்ன?

விலக்கு கொடுத்த விலை

இப்போது அந்த விலக்குக்கு வருவோம். 1988ஆம் ஆண்டுச் சட்டம் கைப்பேசிகளை விட்டுவிட்டது அல்லவா? 1990களில் கைப்பேசிகள் பெருகின. எண்ம முறைக்கும் மாறின. ஜி.எஸ்.எம். வகைக் கைப்பேசி, தன் வானொலி அலையைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. வினாடிக்குச் சுமார் 217 முறை விட்டு விட்டு அனுப்புகிறது. அத்தகைய கைப்பேசிக்கு அழைப்பு வரும்போது அருகிலுள்ள ரேடியோ 'டர்ர்' என்று இரைவதைக் கேட்டிருக்கிறீர்களா? அதே இரைச்சல் காது கேட்கும் கருவிக்குள்ளும் புகுந்தது. பழைய கதை மீண்டும் நடந்தது: புதிய கருவி சிறந்தது, ஆனால் சிலருக்கு அது மூடிய கதவு.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2003ஆம் ஆண்டு அந்த விலக்கைக் குறைத்து, கைப்பேசிகளில் ஒரு பகுதியாவது கருவியோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், காலக்கெடு வைத்து, எல்லாக் கைப்பேசிகளும் அவ்வாறு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. காசுத் தொலைபேசிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றுக்காக எழுப்பப்பட்ட கேள்வி மறையவில்லை.

செய்து பாருங்கள்

தொலைபேசிச் சுருளின் தத்துவத்தை நீங்களே சோதிக்கலாம். பெரிய இரும்பு ஆணி ஒன்றில், எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியை 300 சுற்றுச் சுற்றுங்கள். இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்டிவிட்டு, மின்கலத்தில் இயங்கும் சிறிய பெருக்கியின் ஒலிவாங்கி வாயிலில் ஆசிரியர் உதவியோடு இணையுங்கள். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எந்தக் கருவியையும் பிரிக்க வேண்டாம். மின்கலத்தில் பாடும் ஒரு ரேடியோவின் ஒலிபெருக்கி அருகே ஆணியைக் கொண்டு செல்லுங்கள். பெருக்கியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ரேடியோவில் வரும் பாட்டு பெருக்கியிலும் கேட்கும்.

இப்போது ஆணியின் அருகே கை தட்டுங்கள். கைதட்டல் பெருக்கியில் கேட்கிறதா? இல்லை! சுருளுக்கு ஒலி தெரியாது. காந்தம் மட்டுமே தெரியும். ஆணியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் பாட்டு வலுக்கும். மற்றொரு திசையில் மெலியும். விதியில் புலத்தைப் பல திசைகளில் அளக்கச் சொன்னது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

உங்களில் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவீர்கள். ஒரு கருவியில் 'வீண்' என்று தோன்றும் ஏதோ ஒன்றை நீக்கப் பேனாவை எடுக்கும் நாள் உங்களுக்கும் வரும். அப்போது பேருந்து நிலையத்தில் ரிசீவரும் கையுமாக நின்ற அந்தப் பயணியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 'வீணை' நம்பி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, பிறகு கோடு கிழியுங்கள்.